பிரேக் இல்லாத லாரி

அட்டனில் இங்கிலீசுப் படம் முடிந்ததும் தலவாக்கலை பஸ்ஸில் ஏறினேன். முன்சீட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்து லாரி டிரைவரும் அவர் மனைவியும் இருந்தார்கள். அவர்களும் அதே படம் பார்த்தவர்கள்தான்.

"பாத்தியா, வெள்ளைக்காரன் ஊர்ல வெள்ளைக்காரனுக்கே மொதலாளி பிரேக் இல்லாத லாரியத்தான் குடுக்குறான்."

"அத ஓட்டுன ஆளு பள்ளத்துல விழுந்து செத்ததையும் பாத்தேன். ஒங்க லாரிக்கு பிரேக் செஞ்சாச்சா?"

"அடுத்த மாசம் பாப்போம்ங்கிறாரு தோட்டத்துத் தொரை."

"அப்ப நாளைக்கு எடுக்காதீங்க."

"எடுக்கலன்னா நாம இருக்கிற லயத்து வீட்ட காலி பண்ணச் சொல்வாரு, புள்ள."

"லயம் போனா வேற தோட்டத்துல பாத்துக்கலாம். நீங்க போனா எங்க போய்ப் பாக்குறது?"

டிரைவர் சத்தமாகவே சொன்னார்.

"காலையில பெரட்டுல, பேரு கூப்புடுற நேரத்துல, அத்தன பேருக்கும் முன்னாடி சாவியத் தொரை கையில குடுக்குறேன். அவரே ஓட்டட்டும்."