எல்லாக் கொம்பனியிலையும் வந்திட்டுது

இல்லைப் பிள்ளை, எனக்காகப் போனை வைக்க வேண்டாம், அம்மாவோடை ஆறுதலாக் கதையுங்கோ. நான் ஒட்டுக் கேக்கேல்லை. கேட்டனான்தான், பக்கத்துச் சீற்றிலை இருந்துகொண்டு காதைப் பொத்தேலுமே. ஓம் அம்மா, சாப்பிட்டனான் அம்மா எண்டு நீங்கள் சொல்லேக்கைதான் தமிழ்ப் பிள்ளையெண்டு தெரிஞ்சுது. அதுக்கு முதல் நான் உங்கடை முகத்தைப் பாக்கேல்லை. உந்தப் போனைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான்.

ஐபோன்தானே? தூரத்திலை கண்டாலே எனக்குத் தெரியும். புவாண்ட்-கிளேரிலை பஸ் ஏறின நேரம் தொடக்கம் விரலாலை தள்ளித் தள்ளிப் பாக்கிறியள். எந்தக் கொம்பனி லைன்? சொல்லுங்கோ, களவெடுக்கப் போறேல்லை.

அட, அது என்ரை கொம்பனியெல்லே. இஞ்சை பாருங்கோ என்ரையை, மடிக்கிற போன். ஆறு வருசம். மூடேக்கை டக்கெண்டு சத்தம் வரும், ஆரோடையாவது கோவமெண்டால் உந்தச் சத்தம் நல்ல உதவி. ஓமோம், தெரியும், இந்த மாசத் தொடக்கத்திலையிருந்து எல்லாக் கொம்பனியிலையும் வந்திட்டுது. பேப்பரிலையும் போட்டவங்கள்.

ஆனால் போன வருசத்தை யோசிச்சுப் பாருங்கோ. இரண்டாயிரத்தெட்டு ஆடியிலை உது கனடாவுக்கு வரேக்கை ஒரேயொரு கொம்பனிக்காரரிட்டை மட்டும்தானே வந்தது. அது என்ன ஞாயம்? போன் செய்யிறவன் ஒருத்தன், லைன் குடுக்கிறவன் இன்னொருத்தன். ஒரு கடையிலை அரிசி வாங்கினால் அந்தக் கடைக்காரன்ரை அடுப்பிலைதான் அவிக்க வேணுமெண்டு ஆரும் சொல்லுவினமே? இதுக்கு மூண்டு வருசக் கொன்ராக்ட் வேறை. கலியாணத்துக்குக் கூட இஞ்சை அவ்வளவு கடுதாசி நிரப்பேல்லை நான்.

சிரியுங்கோ, சிரியுங்கோ. என்ரை மகளும் இப்பிடித்தான் சிரிக்கிறவள். அம்மாவுக்கு ஏன் உந்த விசர், அம்மா என்ன உந்தப் போன் வாங்கப் போறாவோ எண்டு. நான் ஏன் வாங்குறன்? எனக்கு இந்த மடிக்கிறது காணும். நான் சும்மா இருக்கேல்லைப் பிள்ளை. என்ரை கொம்பனிக்கு மூண்டு தரம் அடிச்சுக் கேட்டனான், நீங்கள் எப்ப அந்தப் போனைக் கொண்டு வரப் போறியள் எண்டு. பிரெஞ்சிலை பொன்ஜூர் எண்டுவான், மெர்சி எண்டுவான், பாட்டுப் போடுவான், பேந்து லைன் அறுந்திடும்.

எனக்கில்லை, என்ரை சிநேகிதிக்கு. நிரஞ்சனி எண்டு. நான் கத்தரின். லாசாலிலை நான் ஒரு அப்பாட்மென்ற், அவள் அடுத்த றோட்டு. பதினாலு வருசப் பழக்கம். அவள் சைவம், நான் வேதக்காரி, சேர்ச்சுக்குப் போறனான், அதெல்லாம் எங்களுக்கு ஒரு கதையே இல்லை. ஒருநாள் ரெண்டு பேருமா அங்கிரினியோன் மோலுக்குப் போய் ஒரே கடையிலை, ஒரே கொம்பனியிலை போன் எடுத்தனாங்கள். நம்பரும் பக்கத்து நம்பர். என்ரை கடைசி இலக்கம் ஏழு, அவளின்ரை எட்டு. அக்காவும் தங்கச்சியும் போல எண்டு அந்தக் கடைப் பொடிச்சி சொன்னவள்.

ஒரே கொம்பனியெண்டால் அந்த நேரம் கதைக்கிறது சும்மா, காசில்லை. காசில்லாட்டில் என்ன நடக்கும் தெரியுமே? கதைக்காமலும் இருக்கலாம். உண்மையாத்தான் சொல்லுறன். பின்னேரம் அவள் கார்டறியிலை சின்னப் பிள்ளையளைப் பாக்கிற வேலை முடிச்சு வந்திடுவாள், நான் பக்டரியிலை பைக்கற் போடுற வேலையாலை வந்திடுவன், ரெண்டு பேரும் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவிலை வைச்சுக்கொண்டு சமைப்பம். பத்து நிமிசம் ஒரு கதையும் இராது. அவளின்ரை சட்டி சீறுறது எனக்குக் கேக்கும், என்ரை பைப் தண்ணி அவளுக்குக் கேக்கும். உப்புப் போட்டியோடி எண்டு திடீரெண்டு கேப்பாள். அதோடை நான் உப்புப் போடுவன். ஆறு மணிக்கு அவளின்ரை மனுசன் பேரின்பநாதன் வந்து கதவைத் தட்டேக்கை எனக்குத்தான் முதல் கேக்கும்.

பிறகென்ன, தூரத்திலை பியர்பொன்ட்ஸிலை வீடு வாங்கினவை. வாங்கட்டும். எனக்கு அதிலை பொறாமையில்லை, கடவுளாணை. பால் காய்ச்சேக்கை நான்தான் முன்னுக்கு நிண்டனான். அங்கை பக்கத்து வீட்டிலை ஒருத்தி. ஸ்ரீலேகா. தமிழ்நாட்டுக்காரி, மனுசன் எஞ்சினியர். அவளிட்டைத்தான் முதல் முதல் உந்தப் போன் இருந்தது. ஒரு மாசத்திலை இவளும் வாங்கிட்டாள், கொம்பனியும் மாறிட்டாள், மூண்டு வருசத்துக்குக் கையெழுத்தும் வைச்சிட்டாள். எனக்கு ஒரு சொல்லு முன்னுக்குச் சொல்லேல்லை. நம்பர் மட்டும் அதேதான்.

அந்தப் பொம்பிளை கூடாது எண்டு நான் சொல்லேல்லை. வடிவான பொம்பிளை, படிச்சது, மரியாதையாக் கதைக்கும். அதுதான் எனக்கு ஏலாமல் இருக்கு. கூடாத ஆளெண்டால் நாலு குறை சொல்லி ஆறியிருப்பன். ஒருநாள் நிரஞ்சனி வீட்டை போயிருக்கேக்கை ரெண்டு பேரும் சோபாவிலை ஒட்டிக்கொண்டிருந்து உந்தப் போனிலை ஏதோ படம் பாக்கினம். அவ என்னவோ கேக்கிறா, இவள் ஆமா எண்டுறாள். ஆமா! நாப்பத்திரண்டு வருசம் ஓம் எண்டு சொன்ன வாய். நான் தேத்தண்ணிக் கோப்பையை வைச்சிட்டு மனுசன் காத்துக்கொண்டிருக்கிறார் எண்டு பொய் சொல்லி வெளிக்கிட்டிட்டன். பஸ்சிலை முழுக்க எனக்கு நெஞ்சு எரிஞ்சுது.

ஓம், பொறாமைதான். வேறை என்னெண்டு சொல்லுறது.

அதுக்குப் பிறகு நான் எடுத்தால், கத்தரின், நிமிசம் ஓடுதடி, பேந்து எடுக்கிறன் எண்டுவாள். வேறை வேறை கொம்பனியெல்லே, காசு ஓடும். பேந்து எடுக்க மாட்டாள். நான் ஒருநாள் வாய் விட்டுக் கேட்டன், ஏனடி இப்பிடிச் செய்தனி எண்டு. அதுக்கு அவள் சொன்னாள், உன்ரை கொம்பனியிலை உந்தப் போன் இல்லையேடி, இருந்தால் நான் ஏன் மாறப் போறன் எண்டு. அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு நித்திரை வந்தது. பாத்தியளே, அவளிலை பிழையில்லை, கொம்பனிக்காரங்களின்ரை பிழை. அண்டைக்குத் தொடங்கினதுதான் உந்தக் கொம்பனிச் சண்டை.

நானும் மாறியிருக்கலாமோ? நல்ல கேள்வி. மாறுவமெண்டுதான் நினைச்சனான். அவளிட்டைச் சொன்னால், சே வேண்டாமடி, உனக்கேன் வீண் கரைச்சல், இருக்கிற லைனைக் கெடுக்காதை எண்டு ஒரு பத்துத் தரம் சொன்னாள். என்னிலை உள்ள அக்கறையிலை சொல்லுறாள் எண்டு நினைச்சன்.

இந்த வருசம் சித்திரையிலை ஒட்டாவாவுக்கு ஊர்வலத்துக்குப் பஸ் விட்டவை, ஞாபகமிருக்கே? நீங்களும் வந்தனியளோ? பின்னை தெரியும்தானே, ஊரிலை கடைசிச் சண்டையிலை என்ன நடந்துகொண்டிருந்ததெண்டு. அண்டைக்கு நிரஞ்சனி என்ரை பக்கத்துச் சீற். எனக்கு எவ்வளவு சந்தோசம். நாலு வார்த்தை கதைச்சிருப்பம், அவள் போனைத் திறந்து செய்தி பாக்கத் தொடங்கிட்டாள். பஸ்சிலை இருந்த அரைவாசிச் சனம் அவளைச் சுத்தி வந்திட்டுது. ஆர் செத்தது, எந்த ஊர் எண்டு அவள் வாசிக்க வாசிக்க எல்லாரும் அழுகினம். நானும் அழுதனான். அழுதுகொண்டிருக்கேக்கை, உள்ளுக்குள்ளை ஒரு மூலையிலை, என்னை எழுப்பிப் போட்டெல்லே எல்லாரும் அவளுக்குப் பக்கத்திலை நிக்கினம் எண்டு எரிச்சல். அந்த நேரத்திலையும். இதை நான் சுவாமியாரிட்டைப் பாவசங்கீர்த்தனத்திலை கூடச் சொல்லேல்லைப் பிள்ளை. உங்களுக்குச் சொல்லுறன், இனி எங்கை காணப் போறம்.

மலையிலை சூசையப்பர் கோயில் இருக்கெல்லே, அங்கையும் போனனான். பெரிய படியிலை சனம் முழங்காலிலை ஏறும். நான் நடந்துதான் ஏறினனான், அவ்வளவுக்கு இன்னும் விசர் பிடிக்கேல்லை. உள்ளுக்குக் கால் சுகமானவை விட்டிட்டுப் போன ஊண்டுகோலுகள் வரிசையாத் தொங்குது. அதுக்குக் கீழை மெழுகுதிரி கொழுத்தி வைச்சு, ஐயா, அந்தப் போன் என்ரை கொம்பனிக்கும் வரவேணுமெண்டு கேட்டனான். பக்கத்திலை ஒரு கிழவி கண்ணீர் வடிச்சுக்கொண்டு நிக்கிறா, ஆருக்கு என்ன வருத்தமோ. நான் போன் கேக்கிறன்.

கேட்டது கிடைச்சிட்டுதுதானே எண்டுறியளோ? கிடைச்சுது. அவரிலை ஒரு குறையும் சொல்லேலாது.

என்ரை மூத்தவள் றொக்சன் சனி, ஞாயிறிலை அங்கிரினியோனிலை அந்தப் போன் கடையிலை வேலை. என்ரை கொம்பனிக் கடைதான். மூண்டு கிழமைக்கு முன்னம் வேலையாலை வந்து சப்பாத்தைக் கழட்டிக்கொண்டு சொல்லுறாள், அம்மா, நிரஞ்சனி அன்ரி இண்டைக்குக் கடைக்கு வந்தவ, எங்கடை கொம்பனிக்கு மாறிட்டா எண்டு. எனக்குச் சந்தோசத்திலை ஒரு புளுகம், சொல்லி வேலையில்லை. கொன்ராக்ட் முடியேல்லையேடி எண்டன். அதை முறிச்சவவாம். ஸ்ரீலேகாவின்ரை மனுசனுக்கு அவர் வேலை செய்யிற கந்தோராலை எங்கடை கொம்பனி லைன் குடுத்ததாம், அவ மாறினவவாம், அதாலை இவளும் மாறினவளாம். றொக்சன் பாவம், விகற்பமில்லாமல் எல்லாத்தையும் சொல்லிப் போட்டு அம்மா சாப்பாடு என்ன எண்டு கேக்கிறாள். எனக்காக முறிக்கேலாத கொன்ராக்ட் பிள்ளை அது.

சரி, முறிச்சது ஆருக்காக எண்டாலும் இப்ப ஒரே கொம்பனிதானே, இனிக் கதைக்கிறது சும்மாதானே எண்டு பாத்துக்கொண்டிருந்தன். அண்டைக்குப் பின்னேரம் போனைக் குசினி மேசையிலை நிமித்தி வைச்சிட்டுச் சமைச்சனான். அடுத்த நாளும் வைச்சனான். மூண்டு கிழமையாச்சு, இன்னும் எடுக்கேல்லை. நான் நாலு தரம் எடுத்தனான், மணி போகும், போகும், பேந்து மெசேஜ் விடச் சொல்லும்.

உது ஒரு கொம்பனியோடையே இருந்திருக்கலாம் பிள்ளை. சத்தியமாச் சொல்லுறன், எல்லாக் கொம்பனிக்கும் குடுத்திருக்கவே கூடாது. கொம்பனிக்காரனைத் திட்டிக்கொண்டாவது இருந்திருப்பன்.

டோர்வலிலை றோட்டு வேலை, பஸ் இப்பதைக்கு அசையாது. ஒரு உதவி செய்வியளே? உங்கடை போனிலையிருந்து ஒரு நம்பர் அடிச்சுப் பாருங்கோ. நான் கதைக்கேல்லை. உங்கடை நம்பர் அவளுக்குத் தெரியாது, எடுக்கிறாளோ எண்டு மட்டும் பாப்பம். நான் சொல்லுறன், நீங்கள் அடியுங்கோ.

மணி போகுதே?

எடுத்திட்டாளே! ரெண்டாவது மணியிலை. இல்லை, எனக்குத் தராதேங்கோ, வேண்டாம், தராதேங்கோ. பிழையான நம்பர் எண்டு சொல்லுங்கோ. பிரெஞ்சிலை சொல்லுங்கோ. ஓம், வையுங்கோ, வையுங்கோ.

மெர்சி பிள்ளை. என்ன சொன்னவள்? ஹலோ எண்டு மட்டுமோ? பக்கத்திலை வேறை பொம்பிளைக் குரல் ஏதும் கேட்டதே? இல்லையே? வடிவாக் கேட்டனியளோ? என்ன, குரல் அடைச்ச மாதிரியோ? இருமினவளோ?

சளித் தடிமன். பனி தொடங்கினால் அவளுக்குக் கட்டாயம் பிடிக்கும். வெறும் மல்லித் தண்ணி அவளுக்குக் கேக்காது பிள்ளை, வேர்க்கொம்பும், அதுதான் சுக்கு, இடிச்சுப் போட்டு நல்லா வத்தக் காய்ச்சிக் குடுக்க வேணும். அது ஸ்ரீலேகாவுக்குத் தெரிஞ்சிருக்காது.