நடராசன் செதுக்கிய கட்டை

மேடையில் வீற்றிருக்கும் சங்கப் பொறுப்பாளர்களே, திண்டிவனத்திலிருந்தும் அனந்தபுரத்திலிருந்தும் ஓட்டத்தை நிறுத்திவிட்டு வந்திருக்கும் டிராக்டர் ஓட்டுநர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நடராசனின் மனைவி, தங்கை பரிமளா அவர்களே! தலைவன் என்ற முறையில் பேச அழைத்தார்கள். அந்தத் தகுதி எனக்கு உண்டா என்பதை, பேசி முடித்த பிறகு நீங்களே சொல்லுங்கள்.

நம் முகையூர் கரும்பு டிராக்டர் ஓட்டுநர் சங்கத்தின் செயலாளர், செயல்வீரர் நடராசன் போய்விட்டார்! இருபத்தாறு ஆண்டுகள் ஒரு சிராய்ப்புகூட இல்லாமல் வண்டி ஓட்டியவர் போய்விட்டார்!

அத்தனை காலம் எப்படித் தப்பினார்? பயந்து ஓட்டினார், தோழர்களே. "நிக்கிற வண்டிய நம்பாதீங்கப்பா. ஏத்தத்துல பாரம் பின்னால இழுத்துக்கினேதான் இருக்கும். நம்ம டிரெய்லருக்கு பிரேக் ஏது?" என்பார். அதற்காகவே புளியமரத்தில் சரிவாக ஒரு கட்டை செதுக்கி, வழுக்காமலிருக்க அடியில் பழைய டயர் ரப்பரை அடித்து வைத்திருந்தார். வண்டி நின்றால் முதலில் சக்கரத்துக்குக் கட்டை, அப்புறம்தான் பீடி. உருண்டைக் கல்லை வைத்தவர்களை அவர் சும்மா விட்டதுண்டா? "கல்லு சக்கரத்தோட சேந்து உருளும்டா!"

அன்று பாலத்து ஏற்றத்தில் இன்ஜின் நின்றது. கைபிரேக்கைப் போட்டுவிட்டு இறங்கினார். கட்டை இல்லை. கைக்குக் கிடைத்த கல்லோடு சக்கரத்தின் பின்னால் குனிந்தார். கல் உருண்டது. பத்து டன் கரும்பு அவர்மேல் வந்தது.

கட்டை எங்கே போனது? நான் சொல்கிறேன். முந்தின நாள் நம் ஆண்டு விழாவில் கொடிக்கம்பம் ஆடியது. அவர் வண்டியிலிருந்து கேட்காமல் எடுத்து, கம்பத்தின் குழியில் ஆப்பாக அடித்தவன் நான்! மறுநாள் காலை போன் செய்தார். "தலைவரே, நம்ம கட்டைய பாத்தீங்களா?"

"அப்புறம் தேடிக்கலாம் நடராசா. ஜல்தியா கிளம்பு, ஆலையில வரிசை நீண்டுடும்" என்றேன். மறந்துவிட்டேன். எடுத்தது நான்தான் என்பதையே சத்தியமாக மறந்துவிட்டேன். மறதி என்று சொன்னால் ஆயிற்றா?

பிணவறை வாசலில் பரிமளா கேட்டார்: "எந்நேரமும் வண்டியிலயே கெடந்த கட்டை, அன்னிக்கி மட்டும் எங்க போச்சுண்ணா?" நான் வாய் திறக்கவில்லை. கோழை! அதனால்தான் எல்லோர் முன்னிலையிலும் இன்று சொல்கிறேன்.

தலைவர் பதவி இனி எனக்கு வேண்டாம். விடிந்ததும் ஒவ்வொரு வண்டியாகக் குனிந்து கட்டை இருக்கிறதா என்று பார்ப்பதே என் வேலை. கட்டை இல்லாத வண்டி கிளம்பினால், என்மேல் ஏறித்தான் போக வேண்டும்!

இதோ, அந்தக் கட்டையைக் காலையில் பிடுங்கி வந்துவிட்டேன். தங்கச்சி, இதை உன் கையில் தர எனக்கு முகமில்லை. நடராசன் படத்தின் முன்னால் வைக்கிறேன். வாசலில் கொடிக்கம்பம் சாய்ந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். போகும்போது யாரும் அதை நிமிர்த்த வேண்டாம்.