சீமைக்கொடி வெட்டின சேதி

ஹலோ... சரசா, வெச்சிடாதே! பருத்திப்பட்டு ஏரிக்கரையின் தாவர வரலாற்றில் இன்றோடு ஒரு சகாப்தம் முடிந்துவிட்டது... நான்தாம்மே, ஏகாம்பரம். உன் ஊட்டுக்காரன்... கொடிய வெட்டிட்டேன்... ஆமா, ஆமா, அதேதான். மத்தியதரைக்கடல் கொடி. வாசப் பந்தல்ல கீதே... இருந்துச்சே... எத்தாலயா? பால் கவர் வெட்ற கத்திரிதான். வேற இன்னா கீது ஊட்ல?

அயுவுலம்மே. சளி புடிச்சிகீது... சரி, அயுதேன். போதுமா? நாலு வருசம்மே. இந்த வருசந்தான் மொத பூ உட்டுச்சு. சுங்கான் பைப்பு கணக்கா வளைஞ்சு, உள்ள கருஞ்செவப்பா... நீ எங்க பாத்தே? மூக்க மூடிக்கினு அண்ணன் ஊட்டுக்குப் போய்ட்டவதானே.

...தப்புதான். செத்த எலி நாத்தம்னு நீ சொன்னே, தெருவே சொல்லுச்சு. நான்தான் வந்தவனை எல்லாம் நிக்க வெச்சு, "ஈக்களை ஈர்க்க இயற்கை வகுத்த வழி, நல்லா இழுத்து மோந்து பாருங்க"ன்னு கிளாஸ் எடுத்தேன்... அந்தப் பூ அயுகின கறி கணக்கா நாறும்னு புஸ்தகத்துல போட்டுகீதும்மே... ஆமா, எதுத்த ஊட்டு அப்பாவு மோந்து பாத்து வாந்தி எடுத்தாரு. ஆமா, நம்ம கேட்டாண்டதான்.

அத்த உடு. கொடியா நானான்னு கேட்டே இல்ல? நீதான்... காபி போட்டா ரெண்டு டம்ளர் வந்துடுது சரசா. ஒரு ஆளுக்கு எப்படிப் போடறதுன்னே தெரியல... பைய எடுத்து வை. நசரத்பேட்டைக்கு இப்பவே வண்டி எடுத்துகினு வரேன்...

நாத்தமா?... ம்... கீது... இல்ல, கொறையல. கொஞ்சம் ஜாஸ்தியாதான்...

கத்தாதே, கேளு. கொடிய எறக்கினா, உள்ள ஒண்ணு தொங்கிகினு கீது. மொக்கு வெச்சப்போ ஊர் கண்ணு பட்டுடும்னு திருஷ்டிப் பூசணிக்கா கட்டினேன் பாரு... நீ வேணாம்னுதான் சொன்னே... கொடி அத்த மூடிக்கிச்சு. அயுகி, ஒயுகி, புழு வெச்சு... மறந்தே பூட்டேம்மே...

சரசா?... ஹலோ?... இன்னா, வெச்சிட்டியா?...

வெட்டிப் போட்ட பூவ இப்பத்தாம்மே மொத தடவையா மோந்து பாத்தேன். அதுல ஒரு வாசனையும் இல்ல.