நாமே ஊற்றி, நாமே அளந்தது

மேடையில் வீற்றிருக்கும் ஆய்வு நிறுவன இயக்குநர் அவர்களே, அவர் பக்கமாக மின்விசிறியைத் திருப்பிவைத்த துறைத்தலைவர்களே, உட்கார இடமில்லாமல் வாசல்வரை நிற்கும் வெல்டர்களே, மறைந்த அம்மையாரின் மகளே, வணக்கம். அம்மையாரின் ஆய்வகத்தில் பதினெட்டு ஆண்டுகள் மூளைச் செல் வளர்த்த உதவியாளன் நான். எனக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். தாராளமாகப் போதும்!

சற்றுமுன் இயக்குநர் அவரை "சாந்தமே உருவானவர்" என்றார். யாரை ஐயா சொன்னீர்கள்? கண்ணாடித் தட்டில் விரல் பட்டால் கட்டடம் அதிரக் கத்துவாரே, அவரையா? வாயைத் திறந்தால் "மறுபடி பண்ணு" என்பதால் 'மறுபடியம்மா' என்று பேர் வாங்கினாரே, அவரையா?

மூளை என்றால் எல்லோரும் நரம்புச் செல்லைப் பற்றித்தான் பேசுவார்கள். அவற்றுக்கு ஊழியம் செய்யும் துணைச் செல்களுக்காகப் பேசியவர் எங்கள் மறுபடியம்மா! நரம்புகள் சிந்தும் குளுட்டமேட் என்ற அமினோ அமிலத்தை அந்தத் துணைச் செல்கள் உறிஞ்சி, குளுட்டமினாக மாற்றித் திருப்பிக் கொடுக்கும். உறிஞ்சாமல் விட்டால், தேங்கிய குளுட்டமேட் நரம்பையே கொன்றுவிடும். வெல்டிங் புகையிலுள்ள மாங்கனீசு அந்த உறிஞ்சலைக் கெடுக்கிறதா என்று ஒரு தொழிற்கூடம் நம்மிடம் கேட்டது.

தட்டில் வளர்த்த துணைச் செல்களில் மாங்கனீசைக் கலந்து, முதல் சோதனையை நான் செய்தேன். குளுட்டமின் அளவு அப்படியே இருந்தது. பாதிப்பில்லை என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். அம்மையார், செல்களுக்கு நான் ஊற்றிய ஊட்டநீர் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார்.

"அடப்பாவி! இதுல குளுட்டமினை நீயே ஊத்தியிருக்கியேடா! தொட்டியில தண்ணிய ஊத்திட்டு, மோட்டார் நல்லா ஓடுதுன்னு சொல்லுவியா? மறுபடி பண்ணு!"

ஊட்டநீரில் அதைக் கலப்பது எங்களுக்குக் கைப்பழக்கம். கலக்காமல் எட்டு முறை செய்தோம். எட்டு முறையும், மாங்கனீசு போட்ட தட்டில் மட்டும் குளுட்டமேட் உறிஞ்சப்படாமல் தேங்கியது. குளுட்டமின் ஊறவே இல்லை.

எந்தத் தாள் தொழிற்கூடத்துக்குப் போனது தெரியுமா? என் தவறான தாள்! "கேட்டதுக்குப் பதில் குடுத்தாச்சு, விடுங்கம்மா" என்றீர்களே இயக்குநரே, மறந்துவிட்டதா? அவர் விடவில்லை. அதற்காக அவர் மேசையைப் பாட்டில் கழுவும் அறைக்குத் தள்ளினீர்கள். இரண்டு வருடம் அங்கே ஈரத்தில் உட்கார்ந்து உங்களுக்குக் கடிதம் எழுதினாரே! ஒன்றையாவது பிரித்தீர்களா? இன்று மாலை போட வந்துவிட்டீர்கள்! வெட்கமாக இல்லை?

போன மாதம் ஒரு வெல்டர் அந்த அறைக்கு வந்தார். சட்டைப் பொத்தானைக்கூட அவர் மனைவிதான் போட்டுவிட்டிருந்தார்.

"ஏம்மா, ஒண்ணுமில்லைன்னுதானே உங்க ஆபீஸ்ல எழுதிக் குடுத்தாங்க? அப்புறம் ஏன் என் கை இப்படி ஆடுது?"

அம்மையார் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதார். கோழை நான், பக்கத்தில் பாட்டில் கழுவிக்கொண்டு நின்றேன். அம்மா, என்னை மன்னித்துவிடுங்கள்.

சைகை காட்டாதீர்கள் இயக்குநரே, இறங்கிவிடுகிறேன். அவர் வேலையைத் தொடர்வோம் என்று இங்கே எல்லோரும் உறுதி சொன்னீர்கள். நான் இன்று காலையே தொடங்கிவிட்டேன். அந்தத் தாள் தவறு, தவறு செய்தவன் நான் என்று எழுதி, எட்டுச் சோதனை முடிவுகளையும் சேர்த்துத் தொழிலாளர் மருத்துவரிடம் நேரில் கொடுத்துவிட்டேன். நாளை என்னை வேலையைவிட்டுத் தூக்குங்கள். பரவாயில்லை!

வாசலில் நிற்கும் ஐயா, நீங்கள்தானே அன்று கேட்டீர்கள்? உங்கள் கை ஏன் ஆடுகிறது என்று இந்தக் கட்டடத்துக்கு இரண்டு வருடமாகத் தெரியும்.