சிவப்புக் கைப்பிடி

சிவப்பு வண்ணத்தைப் புட்டியில் இருக்கிறபடியே பூசக் கூடாது. பூசினால் கடையில் வாங்கிய பொம்மை மாதிரி பளிச்சென்று நிற்கும். ஒரு சொட்டுப் பழுப்பு கலக்க வேண்டும். காய்ந்த பிறகு ஓரத்தை லேசாகச் சுரண்டி, அடியிலிருந்து இரும்பு எட்டிப் பார்ப்பதுபோல் செய்ய வேண்டும். நீங்கள் காகிதத்தில் மடித்து மேஜைமேல் வைத்திருக்கிறீர்களே, அந்தத் துண்டை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள் இன்ஸ்பெக்டர், சுரண்டியது தெரியும். ஆமாம், என் கைவேலைதான். என் மச்சானின் சட்டைப் பைக்குள் அது எப்படி வந்தது என்று கேட்டீர்கள். சொல்கிறேன், ஒளிக்க ஒன்றுமில்லை.

பிழைப்புக்கு நான் பல்செட் செய்கிறவன். டாக்டர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள், நான் பல் கட்டிக் கொடுப்பேன். வேலை முடிந்ததும் அதே அரத்தையும் குறட்டையும் வைத்துப் போர் வண்டிகள் செய்வேன், அசல் அளவில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு. ஒரு திருகாணி எந்தப் பக்கம் இருந்தது என்று கண்டுபிடிக்கப் பழைய படங்களைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பேன். வீட்டில் இதற்குப் பெயர் பொம்மை. "பொம்மையை எடுத்து வச்சிட்டுச் சாப்பிட வாங்க" என்பாள் என் மனைவி.

அவளுடைய அண்ணன் போரில் கவச வண்டி ஓட்டியவர். எல்லோருக்கும் அவர் டிரைவர், எனக்கு மச்சான். அவருடைய வண்டி ஒருநாள் தீப்பிடித்தது. அவர் மேல்மூடி வழியாக வெளியே குதித்துவிட்டார், பின்னால் இருந்த துப்பாக்கிக்காரர் மாட்டிக்கொண்டார். பின்கதவின் பூட்டு இறுகிவிட்டது. டிரைவர் ஓடிப்போய் பழுக்கக் காய்ந்த கதவை வெறுங்கையால் பிடித்து இழுத்தார். கதவு வரவில்லை, கைத்தோல்தான் வந்தது. அதன் பிறகு அந்த விரல்கள் சரியாக மடங்கவே இல்லை. டம்ளரை இரண்டு கையாலும் அணைத்துத்தான் பிடிப்பார்.

துப்பாக்கிக்காரரின் மனைவியை அவர் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். அவள் வீட்டுக் கூரை ஒழுகினாலும் குழாய் அடைத்துக்கொண்டாலும் இவர்தான் போய் நிற்பார். "இழுத்துப் பார்த்தேன்மா, வரல" என்று அவர் சொன்னதை அவள் நம்பினாள். அந்த நம்பிக்கையில்தான் மனிதர் தலைநிமிர்ந்து நடந்துகொண்டிருந்தார். இது எனக்கு முன்பே தெரியும் என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு கண்காட்சியில் நடுவர்கள் என் வண்டியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, டிரைவர் பின்னாலிருந்து சிரித்தார். "மாப்ள, மண்வெட்டியை அங்க மாட்டினா என்ஜின் மூடியை எப்படித் திறக்கிறது?" கூடம் முழுக்கச் சிரித்தது. என் மனைவிதான் கடைசியாகச் சிரிப்பை நிறுத்தினாள். அவர் சொன்னது சரிதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து குடும்பத்தில் என் பெயர் மண்வெட்டி மாப்ள. பந்தியில் நான் கரண்டியைத் தொட்டாலே, "பார்த்து, எந்தப் பக்கம் மாட்டணும்னு மச்சான்கிட்ட கேட்டுக்கோங்க" என்பார்கள். நானும் சிரிப்பேன். சிரிக்காவிட்டால் ரோசக்காரன் என்று அதற்கும் ஒரு சிரிப்பு சிரிப்பார்கள்.

பிறகு போர் நினைவுக்கூடத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். எரிந்துபோன அந்த வண்டியையே செய்து தரச் சொன்னார்கள். டிரைவர் மாலையானால் என் பட்டறைக்கு வந்து, பல் அச்சுகளுக்கு நடுவே முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். கண்ணாடியில் எங்கே கீறல் இருந்தது, துணிப்பை எந்த ஆணியில் தொங்கியது, துப்பாக்கிக்காரர் தன் மனைவி படத்தை எங்கே ஒட்டியிருந்தார், எல்லாம் சொன்னார். எல்லாவற்றையும் அப்படியே செய்தேன். பார்த்தவர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? டிரைவருக்கு என்ன ஒரு ஞாபகசக்தி என்றார்கள்.

அந்த வகை வண்டியின் உட்புறப் படம் ஒன்று என்னிடம் இருந்தது. அதில் ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புக் கைப்பிடி. பூட்டு இறுகினாலும் அதை இழுத்தால் பின்கதவு திறந்துகொள்ளும். படத்தில் இருந்ததால் நானும் வைத்தேன். இதுவரை அதில் கள்ளம் கிடையாது.

டிரைவர் குனிந்து பார்த்தார். "இது எங்க வண்டியில இல்லையே மாப்ள."

"படத்துல இருக்கு மச்சான்."

"படத்துல இருந்தா இருந்துட்டுப் போகட்டும். எங்க வண்டியில இல்ல."

திறப்பு விழாவுக்கு முன்னால், ராணுவப் பட்டறையில் வேலை பார்த்த மெக்கானிக் ஒருவர், உடைந்த பல்செட்டை ஒட்டவைக்க என்னிடம் வந்தார். பொக்கைவாயோடு வண்டியைச் சுற்றிச்சுற்றிப் பார்த்தார். "இந்தக் கைப்பிடியை மாட்டினதே நாங்கதான். அந்தத் தீ விபத்துக்கு அப்புறம்தான் எல்லா வண்டிக்கும் இதை வைக்கச் சொன்னாங்க. எரிஞ்ச வண்டியில இது ஏது?" என்றார். நான் பல்செட்டை ஒட்டிக் கொடுத்து அனுப்பினேன். காசுகூட வாங்கவில்லை.

அதைப் பிரித்தெடுப்பது பெரிய வேலையல்ல, மெல்லிய கத்தி போதும். கத்தியை எடுக்கவும் செய்தேன். ஆனால் மறுபடியும் அவர் சொன்னதுதான் சரி என்பது எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. நாலு பேர் முன்னால், ஒரே ஒரு தடவை, அவர் சொன்னது தப்பாக இருக்கட்டும் என்று நினைத்தேன். மனிதனுக்கு இவ்வளவு ஆசைகூட இருக்கக் கூடாதா? படத்துக்குச் சட்டம் போட்டேன். ஓரத்தில் வண்டியின் எண் தெரிந்தது. அது வேறு வண்டி, பின்னால் வந்த வண்டி. அந்த ஓரத்தை வெட்டிவிட்டேன். சட்டத்துக்குள் அழகாக அடங்கியது.

விழாவன்று துப்பாக்கிக்காரரின் மனைவி பூதக்கண்ணாடியோடு குனிந்து தன் படத்தைத் தேடினாள். பார்த்தாள், சிரித்தாள். அப்புறம் கண்ணாடி கொஞ்சம் நகர்ந்தது.

"இது என்ன, சிவப்பா?"

"எங்க மண்வெட்டி மாப்ளையோட கைவண்ணம்மா" என்று டிரைவர் சிரித்தார். கூட்டமும் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. சட்டம் போட்ட படத்தை எடுத்து அந்த அம்மாவிடம் காட்டினேன். அது எதற்கான கைப்பிடி என்பதையும் சொன்னேன்.

அவள் பூதக்கண்ணாடியை மெதுவாகக் கீழே வைத்தாள். "கைக்கெட்டற தூரத்துலதானே இருக்கு, அண்ணே?"

டிரைவர் பூதக்கண்ணாடியை இரண்டு கையாலும் எடுத்துக் குனிந்து பார்த்தார். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது.

அடுத்த முறை அவர் போனபோது அந்த அம்மா கதவைத் திறக்கவில்லை. ஜன்னல் வழியாக, "குழாய்க்கு வேற ஆளைச் சொல்லிட்டேன்" என்றாளாம். அங்கிருந்து நேரே என்னிடம் வந்தார். பழைய முக்காலி, பழைய இடம். உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருந்திருக்குமோ மாப்ள? அந்தப் பதற்றத்துல எனக்குத்தான் தெரியாமப் போச்சோ? சில நேரம் கண்ணை மூடினா சிவப்பா என்னமோ தெரியுது."

அப்போதும் ஒரு வார்த்தை போதும், அவர் சுமை இறங்கியிருக்கும். அந்த வார்த்தை என்னிடம்தான் இருந்தது. ஆனால் அதைச் சொன்னால் வெட்டிய ஓரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஊரெல்லாம் மறுபடியும் சிரிக்கும், இந்தத் தடவை அது வெறும் மண்வெட்டிச் சிரிப்பாக இருக்காது. அதனால் அவர் தோளில் கைவைத்து ஆறுதலாகத்தான் பேசினேன். "பயத்துல யாருக்கும் மறந்துபோகும் மச்சான். உங்களைக் குத்தம் சொல்ல முடியாது."

அவர் தலையாட்டினார். தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். இரண்டு கையாலும் பிடித்துக் குடித்துவிட்டுப் போனார். மறுநாள் அவரை எந்தக் கோலத்தில் கண்டார்கள் என்பது உங்களுக்கே தெரியும். என் மனைவி இன்னும் என்னிடம் பேசவில்லை. அண்ணன் போன துக்கம் என்று நினைக்கிறேன்.

இதை அவர் வண்டியிலிருந்து எப்படி எடுத்தார் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். அந்த விரல்களால் ஒரு பருக்கையைக்கூட எடுக்க வராது. நேற்று நினைவுக்கூடத்துக்குப் போய்ப் பார்த்தேன். பக்கத்தில் ஒரு கீறல் இல்லை. பசைத் தடத்தைத் துடைத்து, வண்ணம் தொட்டுச் சரிசெய்துவிட்டு வந்தேன். இப்போது அந்த வண்டியில் யாரும் ஒரு குறையும் சொல்ல முடியாது.

ஆமாம், எனக்குத் தெரியும். அந்தக் கைப்பிடி அவர் வண்டியில் இல்லை என்பது விழாவுக்கு முன்பே தெரியும். அவர் என் முன்னால் உட்கார்ந்து கேட்டபோதும் தெரியும். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன்.

ஒன்றே ஒன்று. விசாரணை முடிந்ததும் அந்தத் துண்டைத் திருப்பிக் கொடுப்பீர்களா? பின்னால் வந்த வண்டியை இப்போது ஆரம்பித்திருக்கிறேன். அதில் அது இருக்க வேண்டும்.