கெட்டி கிரீஸ்

சைக்கிள் ஃப்ரீவீலைக் கழுவ மண்ணெண்ணெய்தான் சரி, ஷெரீஃப் ஐயா. பின்சக்கரத்தைப் படுக்கவைத்து, நடுவில் இருக்கும் அந்தப் பல்சக்கரத்தின் இடுக்கில் ஊற்றி, சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கறுப்பாக வழிவது தெளிந்ததும் காயவிட்டு, மெல்லிய எண்ணெய் நாலு சொட்டு விட்டால் போதும். மினசோட்டாக் குளிருக்கு அதற்கு மேல் கூடாது. என் மகள் ஐலாவின் சைக்கிளுக்கு எப்போதும் அப்படித்தான் செய்துவந்தேன்.

இந்த முறை, படகு டிரெய்லரின் சக்கரத்துக்குப் போடும் கெட்டி கிரீஸை உள்ளே திணித்தேன். கொட்டகையில் கணப்பு எரிந்ததால் அது இளகியே இருந்தது. சக்கரமும் நன்றாக ஓடியது. வெளிக்குளிரில் இறுகிவிட்டால் உள்ளேயிருக்கும் சின்னக் கொக்கிகள் பல்லில் மாட்டாது. பெடல் வெறுமனே சுற்றும். இது எனக்குத் தெரியும்.

அவளைக் கொல்ல நினைக்கவில்லை. மனைவி போன பிறகு இந்த வீட்டில் பேச்சுச் சத்தம் என்றால் ஐலாதான். அவளும் ஏரிக்கு அக்கரையில் இருக்கும் தன் காதலன் வெண்டல் வீட்டுக்கே குடிபோவதாகச் சொல்லிவிட்டாள். காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன்.

"ஞாயித்துக்கிழமையானா வந்துடுவேன்ப்பா. நான் என்ன நிலாவுக்கா போறேன்?" என்று சிரித்துக்கொண்டே, துணிப்பையை மாட்டிக்கொண்டு, உறைந்த ஏரியில் சைக்கிளை இறக்கினாள்.

வழியில் சைக்கிள் மக்கர் பண்ணும், சலித்துக்கொண்டே திரும்பி வருவாள், சூடாகப் பட்டாணி சூப் கொடுக்கலாம். இவ்வளவுதான் என் கணக்கு.

போன் வந்தது.

"அப்பா, பெடல் சும்மா சுத்துதுப்பா. பனிக்காத்து வேற கிளம்பிடுச்சு, எதுவும் தெரியல. டிரக்க எடுத்துட்டு வாப்பா."

"டிரக் கிளம்ப மாட்டேங்குதும்மா. நடந்து வந்துடு."

"பாதிக்கு மேல வந்துட்டேன். வெண்டல் வீடுதான் கிட்ட."

"அங்க போகாத. வீட்டுக்கு வா கண்ணு."

"கை விறைக்குதுப்பா…" அதோடு போன் அடங்கிவிட்டது.

டிரக்கில் கோளாறு எதுவும் இல்லை. சாவி என் சட்டைப்பையில் இருந்தது. ஆனால் நான் போயிருந்தால் அக்கரையில் விடச் சொல்லியிருப்பாள். என்னால் மறுத்திருக்க முடியாது. அதனால் சூப்பை இரண்டு கிண்ணங்களில் ஊற்றிவைத்துக் காத்திருந்தேன். ஆற ஆற மறுபடி சுடவைத்தேன்.

சாயங்காலம் வெண்டல் கூப்பிட்டான். "ஐலா கிளம்பிட்டாளா மாமா? போன் போக மாட்டேங்குது."

"அவ வரலைப்பா. மனசு மாறிட்டா. உள்ள தூங்கறா."

மறுநாள் அவனுடைய கரைக்குப் பக்கத்தில்தான் அவளைப் பனிக்குள்ளிருந்து எடுத்தீர்கள்.

எல்லாம் நான் செய்ததுதான், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வா என்று நான் தெளிவாகச் சொன்னேன். அப்பன் பேச்சைக் கேட்டிருந்தால் இன்று உயிரோடு இருந்திருப்பாள்.