மிஸி கேட்கும் கேள்வி

செவ்வாய்க்கிழமை கிளினிக். எல்லாரும் மிஸி என்று கூப்பிடும் தாதி மேசையில் இருந்தார். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது என்பதால் அவருடைய மருந்துக் கொப்பி என் கையில் இருந்தது. எங்களுக்கு முன் வாங்கில் ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். கணவர் தன் வீங்கிய காலை ஓயாமல் ஆட்டிக்கொண்டிருந்தார்.

"கள்ளு எப்பவப்பா குடியிலை சேர்ந்தது?" என்றார் மனைவியிடம்.

"ஈரல் பழுதாகுது எண்டு டொக்டர் சொன்னவரெல்லே? போனமுறை மிஸி கேக்க, குடிக்கிறேல்லை எண்டு சொல்லிப்போட்டியள். உங்கடை பொய்யைப் பாத்துத்தான் குளிசை எழுதுகினம்."

"என்ன பொய்? நான் சாராயம் தொடுறேல்லை. கள்ளு பனையிலையிருந்து வாறது."

"ஐஸ் கொம்பனியிலை வேலை இருக்கேக்கை எப்ப கள்ளுத் தவறணைக்குப் போனனீங்கள்?"

"ஞாயிற்றுக்கிழமையிலை."

"கொம்பனியைப் பூட்டின பிறகு?"

கால் ஆடுவது நின்றது.

"இப்ப எனக்கு எல்லா நாளும் ஞாயிற்றுக்கிழமைதானேயப்பா."

"பகிடி விடாதேங்கோ. விழுந்தால் உங்களைத் தூக்க வீட்டிலை நான் ஒருத்திதான். இண்டைக்கு உண்மையைச் சொல்லுங்கோ."

"சொல்லுறன், சொல்லுறன்." கால் மறுபடியும் ஆடத் தொடங்கியது.

அவருடைய இலக்கத்தைக் கூப்பிட்டார்கள். இருவரும் எழுந்து மேசைக்குப் போனார்கள். மிஸி கொப்பியைத் திறந்து, தலை நிமிராமலே கேட்டார்.

"குடிக்கிறனீங்களோ ஐயா?"

அவர் மனைவியை ஒருதரம் பார்த்தார்.

"ஞாயிற்றுக்கிழமையிலை மட்டும்."

மிஸி எழுதத் தொடங்கினார். மனைவி கையை நீட்டிக் கொப்பியை மறைத்தார்.

"பொறுங்கோ மிஸி. இண்டைக்கு என்ன கிழமையெண்டு இவரைக் கேளுங்கோ."